புல்வெட்டும் மெஷினின் கம்பியைக் கட்டி வைக்காதீர்கள்

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் சின்ன இன்ஜின்களுக்கான பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்பிரேயர், தோளில் மாட்டிப் புதர் வெட்டும் பிரஷ் கட்டர், பெட்ரோல் பம்ப்செட் எல்லாம் வரும். மார்ச் பிறந்து ஏற்காட்டில் சீசனுக்குத் தயாராக ஆரம்பித்துவிட்டால், நடந்தபடி தள்ளும் புல்வெட்டும் மெஷின்தான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மெஷினை வண்டியிலிருந்து இறக்கியதும் முதலில் கைப்பிடியைத்தான் பார்ப்பேன். கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி இருக்கும், கையை எடுத்தால் அது விலகி இன்ஜினும் பிளேடும் நின்றுவிடும். வருகிற மெஷின்கள் பலவற்றில் அந்தக் கம்பியைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருப்பார்கள். ஒன்றில் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தது.

கட்டினவர்களை முன்பெல்லாம் திட்டுவேன். ஒரு பயனும் இருக்காது, நான் அவிழ்த்து அனுப்பினால் மலைக்குப் போனதும் மறுபடி கட்டிக்கொள்வார்கள். ஏன் கட்டினீர்கள் என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் விஷயமே புரிந்தது.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் தோட்டவேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஐப்பசி மாதம், மூட்டம் விலகாத காலை, புல் சொட்டச் சொட்ட ஈரம். அதை வெட்டச் சொல்லிவிட்டார்கள். ஈரப்புல் மெஷினின் அடியில் களி மாதிரி அப்பிக்கொண்டு, புல் வெளியே வரும் வாயை அடைத்துவிட்டது. கம்பி டியூபால் கட்டியிருந்ததால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, இவர் குனிந்து கையால் புல்லைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனியோடு போய்விட்டன. கையில் போட்ட கட்டைப் பிரித்த பிறகு மெஷினை எடுத்துக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்தார். "தம்பி, ஒவ்வொரு வாட்டியும் நிறுத்தினா மறுபடி கிளப்ப பத்து இழுப்பு இழுக்கணும். தோள்பட்டை தாங்கல. அதான் கட்டிட்டேன்" என்றார். இன்ஜினுக்குள் பொறி அடிக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், முனை தெரியாத அளவுக்குக் கரி அப்பி ஈரமாக இருந்தது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். அதைக் காலத்தில் மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழுவியிருந்தால் ஒன்றிரண்டு இழுப்பில் கிளம்பியிருக்கும், அவருக்கு அந்த டியூபே தேவைப்பட்டிருக்காது.

அன்றிலிருந்து கட்டிய கம்பியைப் பார்த்தால், இந்த மெஷினில் ஏதோ ஒன்று சரியில்லை, அதை இவர்கள் உடம்பால் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். கம்பியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிள் துருப்பிடித்து, கம்பியைப் பிடிக்கவே பலம் வேண்டியிருக்கலாம். ஸ்டார்ட் செய்வது கஷ்டமாக இருக்கலாம். மெஷினை வாங்கிக் கொடுத்த முதலாளிக்கு இது தெரிவதில்லை, ஓட்டுகிறவர் சொல்வதுமில்லை.

பிளேடு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஓட்டுகிறவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 21 அங்குல மெஷினில் பிளேடு நுனிக்கு நுனி ஏறத்தாழ 53 செ.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் அதன் நுனி மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகிறது. கண்ணால் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளும் வேகம் இல்லை அது. அமெரிக்காவில் 1982 முதல், வீட்டு உபயோகத்துக்கு விற்கும் தள்ளு மெஷின்களில் கையை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று விதியே உண்டு. நம் ஊரில் கிடைக்கும் நல்ல மெஷின்களிலும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. உங்கள் மெஷினில் அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்: சமதரையில் ஓடவிட்டு, கம்பியை விட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். மூன்று விநாடிக்கு மேல் சுற்றினால் பிரேக் தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. பெரிய மெஷின்கள் சிலவற்றில் கம்பியை விட்டால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், பிளேடு மட்டும் நிற்கும். நாள் முழுக்க வெட்டுகிற இடங்களுக்கு, காசு கொஞ்சம் அதிகமானாலும், அதைத்தான் நான் வாங்கச் சொல்வேன். நிறுத்திக் கிளப்பும் பாடே இல்லை.

இனி மலைக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறத்தாழ 1500 மீட்டர். அங்கே காற்று மெல்லிசு. காற்றோடு பெட்ரோலைக் கலந்து விடும் கார்புரேட்டர் இது தெரியாமல் கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம், அதனால் கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், கிளம்ப அடம். அதோடு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சக்தி மூன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும், அதாவது பட்டறையில் நான் ஓட்டிக் காட்டிய மெஷின் மேலே போனதும் ஏழில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடுகிறது. "உங்ககிட்ட நல்லா ஓடுச்சுங்ண்ணா, இங்க வந்து இழுக்கவே மாட்டேங்குது" என்று போன் வரும். அவர்கள் சொல்வது உண்மைதான்.

அப்போது மேலே இருக்கிற யாராவது ஒரு கைராசிக்காரர் இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, அல்லது அதன் தகட்டை வளைத்து, வேகத்தைக் கூட்டிவிடுவார். சத்தம் கூடும், மெஷின் உயிர் வந்த மாதிரி தெரியும். இதைவிட ஆபத்தான வேலை இந்த மெஷினில் கிடையாது. 3000 சுற்று ஓட வேண்டியது 3900 சுற்று ஓடினால் பிளேடு நுனி மணிக்கு 390 கி.மீ. போகும். நுனி வேகம் விநாடிக்கு 96.5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கி.மீ. வேகம் முப்பது சதவீதம் கூடினால் பறக்கும் கல்லின் அடி எழுபது சதவீதம் பலமாக விழும். பிளேடும் போல்ட்டும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை. மலையில் நிரந்தரமாக ஓடும் மெஷின் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை, கம்பெனி சொல்லும் சின்ன அளவில் மாட்டித் தரலாம். போன சக்தி முழுதும் திரும்பாது, ஆனால் புகை நிற்கும், ஒழுங்காகக் கிளம்பும். அந்த ஜெட்டோடு மெஷினைக் கீழே கொண்டுவந்து சேலம் வெயிலில் ஓட்டிவிடாதீர்கள், பெட்ரோல் பற்றாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். சக்தி குறைந்த மெஷினுக்கு ஏற்ற வழி, புல்லை ஒரேயடியாக ஒட்ட வெட்டாமல், உயரம் வைத்து இரண்டு தடவையாக வெட்டுவதுதான்.

பிளேடு விஷயத்தில் இன்னொன்று. லேத்தில் கொடுத்து, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் பிளேடு அடித்து வாங்கி மாட்டுகிறார்கள். சங்ககிரி, சேலம் பக்கம் லாரிப் பட்டைக்குப் பஞ்சமே இல்லை, விலையும் மலிவு, பார்க்கவும் கெட்டியாக இருக்கும். ஆனால் அது வளைந்து நிமிர்வதற்காகப் பதம் வைத்த இரும்பு, கல்லில் மோதினால் துண்டாக உடையலாம். உடைந்த துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் வைத்த பிளேடும் அப்படித்தான். கம்பெனி பிளேடே ஆனாலும் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும் இறக்கை தொடங்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள், மண் உரசி அங்கேதான் முதலில் மெலியும், அப்புறம் கீறல் விழும். மெலிந்திருந்தால் சாணை பிடிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். சாணை பிடித்தால் நடு ஓட்டையில் ஆணியைக் கொடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் எடை அதிகம், இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சாய்வோடு மாட்டினால் அதிர்விலேயே கை மரத்துப்போகும், போல்ட்டும் தளரும். கல்லிலோ வேரிலோ மோதி மெஷின் சட்டென்று நின்றுபோனால் உடனே மறுபடி கயிறு இழுக்காதீர்கள். பிளேடு வளைந்திருக்கலாம், பிளேடைச் சுற்றும் தண்டான கிராங்க் வளைந்திருக்கலாம், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சின்னச் சாவித்துண்டு அறுந்திருக்கலாம்.

பிளேடைத் தொடும் முன் பிளக் வயரைக் கழற்றி, பிளக்கில் படாதபடி தள்ளி வையுங்கள். இது நான் கையால் கற்றது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். சூடாக இருந்த மெஷினைச் சாய்த்து, போல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க பிளேடைக் கையால் லேசாகத் திருப்பினேன், அவ்வளவுதான். பிளேடு நேராகக் கிராங்கில் மாட்டியிருப்பது, பிளேடு திரும்பினால் பிஸ்டனும் ஏறும். பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் மேக்னெட்டோவுக்கு ஸ்டார்ட் சாவியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், ஃப்ளைவீல் திரும்பினால் பொறி அடிக்கும். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் பற்றி, பிளேடு அரைச் சுற்று உதறியது. தோல் கையுறை கிழிந்து, ஆள்காட்டி விரல் மூட்டில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் வர ஒரு நொடி தாமதமானது, அந்த வெள்ளை இன்னும் கண்ணில் இருக்கிறது. கம்பியை விட்டிருந்தால் பொறியே வந்திருக்காது, பெரும்பாலான மெஷின்களில் அது விலகும்போதே கரண்டை அறுத்துவிடும். அந்த மெஷினிலும் கம்பி கட்டித்தான் இருந்தது.

சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாயுங்கள், இல்லையென்றால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கும், பெட்ரோல் ஒழுகும். போல்ட் கழற்ற பிளேடுக்கும் அதை மூடியிருக்கும் டெக்குக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் சொருகிக்கொள்ளலாம். அடைத்த புல்லை எடுக்கவும் ஒரு குச்சி போதும், வயர் கழற்றிய பிறகு.

ஏற்காட்டில் சமதரை எங்கே இருக்கிறது, எல்லாம் சரிவுதான். தள்ளும் மெஷினைச் சரிவுக்குக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக ஓட்டக்கூடாது. ஏறும்போது வழுக்கினால் மெஷின் உங்கள் மேல் வரும், இறங்கும்போது வழுக்கினால் உங்கள் கால் மெஷினுக்கு அடியில் போகும். நாலடிக்கு ஓரடி ஏறுகிற சரிவுதான் எல்லை, அதைத் தாண்டினால் பிரஷ் கட்டரை எடுங்கள். பனி காயும் வரை, பத்து மணியானாலும் சரி, காத்திருங்கள். ஹவாய் செருப்போடு ஓட்டுகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். ஷூ வாங்கித் தருவது முதலாளியின் வேலை என்றே நான் சொல்வேன். காதுக்கு அடைப்பானும் அப்படித்தான், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது காதுக்கான எல்லை, இந்த மெஷின்கள் பெரும்பாலும் அதைத் தாண்டும். மெஷினைப் பின்னோக்கி இழுப்பதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள், பாதம் அடியில் மாட்டுவது அப்போதுதான்.

வெட்டும் முன் இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். சேலத்தில் புல்தரை ஓரத்தில் வெள்ளைக்கல் பதிக்கும் பழக்கம் உண்டு, அது பெயர்ந்து புல்லுக்குள் கிடக்கும். விடுதிகளில் ராத்திரி தீ மூட்டிய இடத்தை நன்றாகப் பாருங்கள், பெட்டிப் பலகையை எரித்துவிட்டுப் போவார்கள், பலகை சாம்பலாகிவிடும், ஆணி அங்கேயே இருக்கும். பின்பக்கம் கல் தெறிக்காமல் தடுக்கும் மடிப்பை, புல் சேரும் பையைக் கழற்றி மாட்ட இடைஞ்சல் என்று பிடுங்கிவிட்டிருந்தால் அந்த ஆணி உங்கள் முழங்காலுக்குத்தான் வரும்.

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, டூவீலர் சீட்டுக்கு அடியில் வைத்து மலையேற்றுகிறார்கள். சூட்டிலும் உயரத்திலும் ஆவி அழுத்தி, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். பெட்ரோலுக்கென்று செய்த கேன் வாங்குங்கள். இன்ஜின் ஆறக் கால் மணி நேரமாவது விட்டு, வெளியே வைத்து ஊற்றுங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பல சின்ன இன்ஜின்களின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மலை மூட்டத்தில் நெடுநாள் டேங்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து கார்புரேட்டர் அடியில் தங்கிவிடலாம். மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். அடுத்த சீசனில் கயிறு இழுக்கும் தோளுக்கு அது பெரிய உதவி.

ஆயிலையும் ஃபில்டரையும் கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்குப்படி பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஷெட் சுவரிலாவது எழுதி வையுங்கள். பட்டறைக்குக் கொண்டுவரும்போது கம்பியில் கட்டு இருந்தால், என்னிடம் திட்டு விழும் என்று பயந்து வாசலில் நின்று அவிழ்க்காதீர்கள். அப்படியே கொண்டுவந்து, எதற்காகக் கட்டினீர்கள் என்று சொல்லுங்கள், அதைத்தான் நான் முதலில் சரிசெய்ய வேண்டும்.