கப்பலுக்கு 'வரைவு' இல்லை: அமிழாழம்

'கப்பலின் வரைவு 9 மீட்டர்' என்ற வரியைக் கடல்சார் பொறியியல் மாணவர்களுக்கான தமிழ்க் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். வரைவு என்றால் தீர்மானத்துக்கோ சட்டத்துக்கோ எழுதும் முன்வடிவம். அதை மீட்டரில் அளக்க முடியாது.

நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிப்பகுதி வரையுள்ள செங்குத்து ஆழமே ஆங்கிலத்தில் டிராஃப்ட் (draft); அதைத்தான் 'வரைவு' என்று பெயர்க்கிறார்கள். டிராஃப்ட் என்பது 'இழுத்தல்' என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. கோடு இழுப்பது வரைதலாகி, வரைதல் முன்வடிவமானது ஒரு கிளை; கப்பல் இத்தனை அடி நீரை 'இழுக்கிறது' என்பது இன்னொரு கிளை. தமிழில் 'வரை' இழுத்தலைக் குறிக்காததால், முதல் கிளைக்குப் பொருந்தும் 'வரைவு' இரண்டாவதற்குப் பொருந்தாது.

துறைமுகச் செய்திகளில் வரும் 'மிதவை ஆழம்' இதைவிட மேல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மிதவை என்பது ஒரு பொருள். கால்வாயின் ஓரம் காட்ட நங்கூரமிட்டு மிதக்க விடுவதும் மிதவையே. '14 மீட்டர் மிதவை ஆழம்' என்று படிக்கும் மாணவர், அந்த மிதவை நிற்கும் இடத்தின் ஆழம் என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் தவறில்லை. 'துறைமுகத்தின் மிதவை ஆழம்' என்று எழுதும்போது குழப்பம் முற்றுகிறது. துறைமுகத்துக்கு இருப்பது நீராழம். அதில் கப்பலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியைக் கழித்தால்தான், எவ்வளவு டிராஃப்ட் உள்ள கப்பல் உள்ளே வரலாம் என்று தெரியும். இரண்டு அளவுகளையும் ஒரே சொல்லில் அடைத்தால் கப்பல் தரைதட்டும். 'மூழ்கும் ஆழம்' என்பாரும் உண்டு. மூழ்கிய கப்பலுக்கு டிராஃப்ட் கிடையாது.

நான் சொல்வது அமிழாழம். வினைத்தொகை என்பதால் அமிழ்ந்த, அமிழ்கிற, அமிழும் ஆழம் என்று முக்காலமும் இதில் அடங்கும். இந்த அளவின் இயல்பும் அதுவே. சரக்கு ஏற ஏற அமிழாழம் கூடும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம். ஆகவே அதே கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தால் இன்னும் சற்று அமிழும். முகப்பிலும் பின்புறத்திலும் எழுதியுள்ள எண்களைப் படித்து இதை அறிகிறார்கள். மெட்ரிக் குறியீட்டில் எண்ணின் உயரம் 10 செ.மீ.; அதன் கீழ்விளிம்பை நீர் தொட்டால் அந்த எண்ணே அமிழாழம்.

2023-இல் பனாமாவில் மழை பொய்த்து, பனாமா கால்வாய்க்கு நீர் தரும் காதூன் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, அக்கால்வாயின் பெரிய மதகுகளின் வழியே செல்லும் கப்பல்களுக்கு 15.24 மீட்டராக இருந்த அமிழாழ வரம்பு 13.41 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கப்பல்கள் சரக்கைக் குறைத்துக்கொண்டு போயின. இந்தச் செய்தியை 'வரைவு வரம்பு குறைப்பு' என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

பொருளை விசாரிக்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் இது. இப்படித்தான் கப்பலின் பீம் 'கற்றை' ஆகிறது. பீம் என்பது கப்பலின் மிக அதிகமான அகலம். அகலம் என்றே எழுதலாம், புதுச்சொல்லே வேண்டாம்.