ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு?

"மூலை மனையும் ஒரு கிரவுண்டு, எங்களுடையதும் ஒரு கிரவுண்டு. அங்கே மட்டும் ஒரு ஃப்ளாட் கூடுதலாக எழும்புகிறது. எங்களுக்கு ஏன் கிடைக்காது?" என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீடு 30 அடித் தெருவில். மூலை மனையின் முகப்பு 60 அடிச் சாலையில்.

பதில் எஃப்.எஸ்.ஐ. என்ற சின்ன எண்ணில் இருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி; குறியீடு 2 என்றால் எல்லாத் தளங்களும் சேர்த்து 4,800 சதுர அடி. 2019இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, அரசுக்குப் பணம் கட்டினால் இதற்கு மேலும் வாங்கலாம். அதற்குப் பெயர் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. சாலை 9 மீட்டரைத் தொட்டால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டருக்கு மேல் 50. சரி, கணக்குப் போடுங்கள். 30 அடி 9 மீட்டருக்குச் சற்று மேல், 60 அடி 18 மீட்டருக்குச் சற்று மேல். வாசகருக்கு 6,240 சதுர அடி, மூலை மனைக்கு 7,200. வித்தியாசம் 960 சதுர அடி, அதாவது ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட்.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்த பகுதி.

பில்டர்கள் நிலத்துக்கு விலை பேசும்போது பின்னாலிருந்து கணக்குப் போடுவார்கள். ஓர் உதாரணத்துக்கு, அந்தப் பகுதியில் ஃப்ளாட் சதுர அடி 10,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானம், வட்டி, அப்ரூவல், தன் லாபம் எல்லாம் சேர்ந்து 5,000. மீதி 5,000 நிலத்துக்கு. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு இருந்த குறியீடு 1.5. அப்போது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி; நிலத்துக்கு 1 கோடியே 80 லட்சம் வரை கொடுக்கலாம். குறியீடு 2 ஆனதும் 4,800 சதுர அடி; இப்போது 2 கோடியே 40 லட்சம் கொடுத்தாலும் பில்டருக்குக் கட்டுப்படியாகும். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அரசாணையில் ஒரு எண் மாறியது, நிலத்துக்காரருக்கு 60 லட்சம் கூடிவிட்டது. ஃப்ளாட் விலை? அதே 10,000தான்.

"மாடியைக் கூட்டினால் வீடு மலிவாகும்" என்பது பாதி உண்மை என்று நான் சொல்வது இதனால்தான். ஊர் முழுக்க ஏராளமான ஃப்ளாட்கள் வந்து, வாங்குபவர் பேரம் பேசும் நிலை வந்தால் விலை இறங்கும். அதற்கு வருடக்கணக்கில் ஆகும். நிலத்தின் விலையோ அறிவிப்பு வந்த வாரமே ஏறிவிடும். ஜாயிண்ட் வென்ச்சர், அதாவது நிலம் ஒருவருடையது, கட்டுவது பில்டர், ஃப்ளாட்களில் பங்கு என்று பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேற்று பாதிக்குப் பாதி என்ற நிலத்துக்காரர் இன்று தனக்கு அறுபது, பில்டருக்கு நாற்பது என்று கேட்பார். பிரீமியம் முறை எனக்குப் பிடித்திருப்பதும் இதற்காகத்தான். அரசு கொடுத்த கூடுதல் உரிமையின் மதிப்பில், வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த நில விலை) வைத்து ஒரு பங்கை அரசே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணம் குழாய்க்கும் வடிகாலுக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் போகிறதா என்பதைத்தான் நாம் துருவிக் கேட்க வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அரசு அப்புறப்படுத்திய பல குடும்பங்கள் ஊரின் தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போக வேண்டியிருந்தது. வேலை மயிலாப்பூரில், வீடு அங்கே.

எண்ணுக்கு முன்னால் வருவது நிறம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. 2008இல் கொண்டுவந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அதன் வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் மழைநீர் இறங்குவதற்காகக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுள்ள ஒரு பகுதியும் குறிக்கப்பட்டிருக்கிறது. நிறத்தை மாற்ற மனு போடலாம். பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் கேட்பார்கள். பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

ஃப்ளாட் வாங்கும்போது அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று வாஸ்துக்காரரை அழைத்துவந்து காட்டுகிறோம். மனை முன்பு என்னவாக இருந்தது என்று கேட்பதில்லை. தியாகராய நகர் 1920களில் ‘லாங் டேங்க்’ எனப்பட்ட நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்றே முகவரி எழுதுகிறார்கள். அக்கினி மூலை சரியாக இருந்தும் 2015 டிசம்பரில் அடுப்படிக்குள் தண்ணீர் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாசகருக்கு ஒன்று. 30 அடி என்பது 9.14 மீட்டர், எல்லையை 14 சென்டிமீட்டரில்தான் தாண்டியிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் காம்பவுண்டுச் சுவரை ஒரு முழம் முன்னால் தள்ளிக் கட்டியிருந்தால் அந்த 30 சதவீதமும் கைக்கு வராமல் போகலாம். பில்டரிடம் பேசுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள்.