போர்முனைக் கடிதங்களுக்கு லேமினேஷன் வேண்டாம்

அண்மையில் ஏற்காட்டிலிருந்து ஒரு குடும்பத்தினர் வந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா முனையிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் ஒட்டிக் கிடந்தது. "உள்ளே புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கிறது, பிரித்துக் கொடுங்கள் ஐயா" என்றார் பேரன். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. காகிதப் பாதுகாப்பு வேலை செய்யும் எனக்கு இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி மனம் சலித்துவிட்டது.

"லேமினேஷன் போட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். ரேஷன் கார்டுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் செய்து பழகிய கை, பெட்டியில் பழைய கடிதத்தைக் கண்டதும் நேராகக் கடைக்கு ஓடுகிறது. மதிப்பெண் பட்டியல் வீணானால் விண்ணப்பித்து வேறொன்று வாங்கலாம். தாத்தாவின் கையெழுத்துக்கு நகல் தர எந்த அலுவலகமும் கிடையாது.

பிளாஸ்டிக் தடுப்பது வெளியிலிருந்து வரும் கேட்டை. போர்க்காலக் கடிதத்துக்குக் கேடு உள்ளேயே இருக்கிறது. அன்று கிடைத்தது மலிவான மரக்கூழ்க் காகிதம்; அதிலுள்ள அமிலமே அதை மெல்ல மெல்லப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. மேலே மூடி ஒட்டிவிட்டால் அமிலம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு அதைப் பிரிக்க வேண்டுமானால் கரைப்பான் ஊற்ற வேண்டும். பசை இளகுவதற்குள் மை கரைந்துவிடும். சிப்பாய்கள் பலர் காப்பியிங் பென்சிலால் எழுதினார்கள். அதில் சாயம் கலந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஊதா நிறமாகப் பரவும் எழுத்து, கரைப்பானுக்கு எப்படித் தாங்கும்?

"காப்பகங்களிலேயே லேமினேஷன் செய்கிறார்களே" என்று விவரம் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறை வேறு. அதில் சூடு இல்லை. செல்லுலோஸ் அசிடேட் படலத்தையும் மெல்லிய தாளையும் அசிட்டோன் என்ற கரைப்பானைத் தொட்டுக் கையால் ஒட்டுவார்கள். மையைச் சோதித்த பிறகே தொடுவார்கள். அதே அசிட்டோனால் பிரிக்கவும் முடியும். அந்த முறையையே இன்று எங்கள் துறையில் பெரும்பாலும் தவிர்க்கிறோம். கடை இயந்திரத்தில் நுழைத்து எடுப்பதை அதனோடு ஒப்பிடவே கூடாது.

இன்னொரு கொடுமை, உறையை எறிந்துவிடுவது. அல்லது தபால்தலைக்காகக் கத்தரித்துக் கொடுத்துவிடுவது. படை எங்கே இருக்கிறது என்று எழுதத் தணிக்கையில் அனுமதி இல்லை. அதனால் கடிதத்துக்குள் ஊர்ப்பெயர் தேடினால் கிடைக்காது. "நலம், நலமறிய ஆவல்", மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்ற விசாரிப்புகளே இருக்கும். உறையின் முத்திரையில் களத் தபால் நிலைய (போர்முனையில் படைக்காக இயங்கிய தபால் நிலையம்) எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண் எந்தத் தேதியில் எந்த இடத்தில் இயங்கியது என்று பட்டியல்கள் இருக்கின்றன. 1944இல் உங்கள் தாத்தா இம்பாலில் இருந்தாரா, இத்தாலியில் இருந்தாரா என்பதை அந்த வட்ட முத்திரைதான் சொல்லும். 1965, 1971 போர்க் கடிதங்களுக்கும் இதையே சொல்வேன்: 56 ஏ.பி.ஓ. (இராணுவத் தபால் நிலையம்) போன்ற முகவரியோடு இருக்கும் உறையையும் வைத்திருங்கள்.

குண்டூசி, கிளிப் இருந்தால் மெல்லக் கழற்றுங்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சணம் இருந்தால் சேலத்து வெயிலில் காய வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மை வெளுத்துவிடும், நிழலில் காற்றாட வையுங்கள். மடிப்பு விறைத்திருந்தால் வலிந்து பிரிக்க வேண்டாம், மடிப்பிலேயே இரண்டாகிவிடும். அமிலமற்ற காகித உறையில் ஒவ்வொன்றாக இட்டு, அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். ஏற்காட்டு வீடுகளில் மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டவே வேண்டாம். உள் அறையில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், இராமபாணப் பூச்சியும் கரையானும் சொல்லிவிட்டு வருவதில்லை.

கைபேசியில் இருபுறமும் உறையோடு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். "சின்னவனுக்குச் சொல்லவும்" என்று எழுதியிருக்கும் சின்னவன் யார் என்று பாட்டிக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கடிதத்தின் மீது எழுதாதீர்கள்.

லேமினேஷன் கடை நடத்தும் அண்ணன்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழுப்பேறிய கடிதத்தை யாராவது நீட்டினால், நல்ல கலர் ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுங்கள். சுவரில் மாட்ட அது போதும். அசலை அப்படியே அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.