வான் அங்கிளுக்கு நன்றி சொல்வதும் வானைச் சுற்றிப் பார்ப்பதும்

சென்ற மாதம் பாடசாலை வானின் சில்லு பாதத்தில் ஏறிச் சேர்க்கப்பட்ட சிறுமியின் தோல் ஒட்டு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்குள், போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், அதே மாதிரியான இன்னொரு பாதம் எங்கள் விபத்துப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. தரம் இரண்டில் படிக்கும் சிறுவன். ஒரு காலில் வெள்ளைச் சப்பாத்து இருந்தது. மற்றதை யாரோ சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டு வாசலில் பாடசாலை வானில் இருந்து இறங்கியவனின் தண்ணீர்ப் போத்தல் கைதவறி உருண்டிருக்கிறது. அதை எடுக்க அவன் வானின் முன் மூலையில் குனிந்த அதே கணத்தில், பிள்ளை கேற்றுக்குள் போய்விட்டான் என்று எண்ணிச் சாரதி வண்டியை எடுத்திருக்கிறார்.

அவனைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தவரும் அந்தச் சாரதிதான். சிறிது நேரத்தில் வந்த தாய், மகனைப் பார்த்த பின்னர், சுவரோரம் குந்தியிருந்து விம்மிக்கொண்டிருந்தவரிடம் போய், "அங்கிள், நீங்க அழாதேங்கோ" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்கட வான் அங்கிள் தங்கமான மனுசன் டொக்டர், மூத்தவளையும் இவர்தான் ஏத்தி இறக்கினவர்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் இத்தகைய ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் நம்புகிறேன். கொழும்பில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் வான் சாரதிகளுக்குப் பட்டிருக்கும் கடன் சிறியதன்று. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும், விடியும் முன்னரே வந்து கோர்ன் அடிப்பவர் அவர்தான். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது வருமானமின்றி இருந்துவிட்டு, திறந்ததும் திரும்பி வந்தவர்கள் அவர்கள். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில், கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறை வரும்வரை, வரிசையில் வானை விட்டு அதற்குள்ளேயே படுத்துறங்கி, மறுநாள் கிடைத்த டீசலில் நம் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர்களும் அவர்களே. தீபாவளிக்குச் சேர்ட் துணி கொடுக்கிறோம், வருட இறுதியில் பெற்றோர் சேர்ந்து ஒரு சாப்பாடு வைக்கிறோம். இவற்றையெல்லாம் நான் மனதார மெச்சுகிறேன்.

நான் பொறுமை இழப்பது இதற்கு அடுத்த படியில்தான். இத்தனை நன்றிக்குரிய ஒருவரிடம், "கதவைப் பூட்டிய பின்னர்தான் எடுக்கிறீர்களா?" என்று கேட்பது நன்றிகெட்ட செயல் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கேட்டால் அவர் மனம் நோகுமாம், "என்னில நம்பிக்கை இல்லையோ" என்பாராம், அடுத்த தவணைக்கு வேறு வான் கிடைக்காதாம். ஒருவரின் குணத்தையும் அவருடைய பார்வைக்கு எட்டாத இடத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். சாரதி ஆசனத்தில் இருந்து பார்க்கும்போது, இடப்பக்க முன் சில்லருகே குனிந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளை தெரியமாட்டான். ஆசனத்தில் இருப்பவர் தங்கமானவராயினும் தெரியமாட்டான், தகரமானவராயினும் தெரியமாட்டான். பதினைந்து வருட அனுபவமும் இதற்கு உதவாது. சொல்லப்போனால் அனுபவம் சில வேளைகளில் பாதகமாகவே அமைகிறது, ஏனெனில் நூறு நாட்கள் இறங்கியவுடன் கேற்றுக்குள் ஓடிய பிள்ளை நூற்றோராம் நாளும் அப்படியே ஓடியிருப்பான் என்று பழகிய மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. பின் ஆசனத்தில் உறங்கிப்போன பாலர் வகுப்புப் பிள்ளையை மறந்து வாகனத்தைப் பூட்டிவிட்டுப் போகும் சம்பவங்கள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் மறந்தவர்களுள் பெற்ற தாய் தந்தையரும் உண்டு. அவர்களுக்கு அன்பு குறைவாக இருந்தது என்று யார் சொல்வது? வெயிலில் பூட்டிய வாகனத்தின் உட்புற வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்துப் பாகை செல்சியஸ் உயரும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படாது.

ஆகவே, கேள்வியைச் சாரதியின் நேர்மையைப் பற்றிய கேள்வியாகக் கேட்க வேண்டாம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் எத்தனை மூத்த நிபுணர் நின்றாலும், வயிற்றைத் தைப்பதற்கு முன்னர் உள்ளே ஒன்றும் விடுபடவில்லை என்று உறுதிசெய்யத் தாதி இரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணியே தீருவார்; எண்ணிக்கை சரியென்று அவர் சொல்லும்வரை நாங்கள் காத்திருப்போம். அதை அவமானமாக எடுத்துக்கொண்ட நிபுணர் எவரையும் நான் கண்டதில்லை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. வானில் ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். அவர் முதலில் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டாரிடம் ஒப்படைத்து, ஏறிக் கதவைப் பூட்டிய பின்னரே வண்டி நகர வேண்டும். "அதற்குக் கட்டணம் கூடுமே" என்பீர்கள். கூடத்தான் செய்யும். சேர்ட் துணி வாங்கிக் கொடுக்கும் அதே கையால் மாதக் கட்டணத்தில் பேரம் பேசி, உதவியாளரை நிறுத்த வைத்ததும், இரண்டு ஆசனங்களுக்கு நடுவில் பலகை போட்டு இன்னும் நான்கு பிள்ளைகளை ஏற்ற வைத்ததும் நாம்தான்; சாரதியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீதியைக் கடக்க வேண்டிய பிள்ளையை வானின் முன்னாலோ பின்னாலோ தனியே சுற்றி வர விடாதீர்கள். நீங்களே கடந்து வந்து கூட்டிச் செல்லுங்கள், மூன்றாம் மாடி பல்கனியில் நின்று கைகாட்டுவது பிள்ளையைப் பொறுப்பேற்பதாகாது. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதற்காக எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையைப் பற்றித்தான் பேசும், பிரேக்கைப் பற்றியோ தேய்ந்த டயரைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இடாப்பு எடுத்து முடிந்தவுடன், முன்னறிவித்தல் இன்றி வராத சிறு பிள்ளைகளின் வீட்டுக்கு எட்டு மணிக்குள் ஓர் அழைப்பு எடுங்கள். "நாங்கள் வானில் ஏற்றி அனுப்பினோமே" என்று மறுமுனையில் பதில் வருமானால், அந்த ஓர் அழைப்பே உயிர் காக்கும். உங்கள் காலை நேரம் எத்தனை நெருக்கடியானது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இனி, நடந்துவிட்டால். சில்லு ஏறிய பாதம் வெளிப்பார்வைக்குச் சிராய்ப்புப் போலவே இருக்கலாம், என்பும் முறியாதிருக்கலாம். அதை நம்பி வீட்டில் மருந்து கட்டிவிட்டு, நாலாம் நாள் தோல் கறுத்த பின்னர் கொண்டுவருகிறார்கள். உருளும் சில்லு தோலைக் கீழிருக்கும் தசையில் இருந்து உரித்துவிடுவதால், மேலே முழுமையாகத் தெரியும் தோலுக்கு இரத்த ஓட்டம் அற்றுப் போயிருக்கலாம். சில்லு ஏறிய எந்தப் பிள்ளையையும் அன்றே வைத்தியசாலையில் காட்டுங்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, காலை அசையாமல் வைத்திருங்கள். மஞ்சளும் வேண்டாம், கோப்பித் தூளும் வேண்டாம்.

அத்துடன், அழுகிறான் என்பதற்காகக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை வந்த சிறுவனின் கையில் பாதி குடித்த மைலோ பக்கற் ஒன்று இருந்தது. பால் குடித்த பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதானால் வழக்கமாக ஆறு மணித்தியாலம் பொறுக்க வேண்டும், அல்லது வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு உடனே தொடங்க வேண்டும். இரண்டில் எது என்று மயக்க மருந்து நிபுணரும் நானும் அன்று நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.