வௌவாலுக்கு எதுக்குய்யா கூட்டுறவு?

நேத்து ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே தமிழ்ல டப் பண்ண ஒரு விலங்கு டாக்குமென்ட்ரி ஓடிக்கிட்டிருந்துச்சு, ரத்தம் குடிக்கிற வௌவாலைப் பத்தி. குரல் குடுக்குறவரு கம்பீரமா "இவற்றின் வெற்றிக்குக் காரணம் கூட்டுறவு"ங்குறாரு. அம்மா திரும்பிப் பாத்து "அதுங்களுக்கும் நகைக்கடன் குடுக்குறாங்களாமா?"ன்னாங்க.

அம்மா மேல தப்பே இல்ல. இது நான் கேக்குறது எத்தனையாவது தடவையோ. பரிணாமம்னு பேச ஆரம்பிச்சாலே கோஆப்பரேஷனுக்கு கூட்டுறவுன்னு போட்டுட்டுப் போயிடுறாங்க.

மூலம் லத்தீன். 'கோ'ன்னா சேர்ந்து, 'ஓபஸ்'னா வேலை. ஒத்து, உழைப்பு. ஒத்துழைப்பு, அவ்ளோதான், அச்சு அசலா கைல இருக்கு.

கூட்டுறவுல வேலை எங்க இருக்கு? கூட்டும் உறவும்தான் இருக்கு. 1904-ல கடன் சங்கச் சட்டம் வந்து திருவல்லிக்கேணில எல்லாம் சங்கம் ஆரம்பிச்ச காலத்துல 'ஐக்கிய சங்கம்', 'ஐக்கிய நாணய சங்கம்'னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, அந்த எடத்துக்குப் பின்னாடி வந்து உக்காந்தது கூட்டுறவு, அந்த வேலைக்கு அது நல்ல சொல்தான், நான் இல்லேங்கல. ஆனா இன்னைக்கு அது பாங்க், பால் சொசைட்டி, ரேஷன் கடையோட பேரு. அதைக் கொண்டுபோய் எறும்புப் புத்துக்குள்ள வச்சா எறும்பு பாஸ்புக்கோட நிக்கிற மாதிரிதான் தெரியும்.

இதவிடப் பெரிய வில்லங்கம் 'உறவு'. உயிரியல்ல சண்டையே அங்கதான். 1964-ல ஹாமில்டன்னு ஒரு உயிரியலாளர், ரத்த சொந்தத்துக்கு உதவுனா நம்ம மரபணுவே அங்கயும் பிழைக்குதுன்னு கணக்கு போட்டுக் காட்டுனாரு. சரி, சொந்தமே இல்லாததுக்கு ஏன் உதவணும்னு 1971-ல ட்ரிவர்ஸ்னு இன்னொரு உயிரியலாளர் கேட்டாரு. இத தமிழ்ல எழுதும்போது "உறவு அல்லாதவற்றின் கூட்டுறவு"ன்னு எழுதுனா படிக்கிறவன் என்னன்னு எடுத்துக்குவான்?

ஒத்துழைப்புல போலீஸ் வாடை அடிக்குதுன்னு ஒரு நண்பர் சொன்னாரு. "விசாரணைக்கு ஒத்துழைப்பு தரவில்லை", "பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு", அதாவது சொன்னதக் கேட்டு நடங்குறது. நியாயம்தான். ஆனா 1920-ல காந்தி ஆரம்பிச்சத ஒத்துழையாமைன்னு சொன்னப்போ யாருக்கும் பொழிப்புரை தேவைப்படல, சேர்ந்து உழைக்கிறத நிறுத்துறதுன்னு புரிஞ்சுச்சு. வாடை அடிக்குதுன்னு நல்ல பாத்திரத்தத் தூக்கிப் போடுவாங்களா, கழுவி வச்சுக்க வேண்டியதுதான்.

இந்த மொழிபெயர்ப்பாளருங்க இன்னொரு வேலையும் பண்ணி வச்சிருக்காங்க, 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்'டுக்கு 'வலியது வாழும்'னு. அது ஸ்பென்சர்ங்குற ஆங்கிலேயத் தத்துவவாதி 1864-ல எழுதுனது, டார்வின் பின்னாடி எடுத்துக்கிட்டது, அதுல வலுவே கிடையாது, சூழலுக்குப் பொருந்துறதுதான். 'தக்கன பிழைக்கும்'னு அழகா ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டு பயில்வானக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒத்துழைப்பும் பரிணாமத்தோட ஒரு காரணிதான்னு 1902-லயே குரோபோட்கின்ங்குற ரஷ்யச் சிந்தனையாளர் எழுதுனத சொன்னா, பரிணாமத்துக்கே எதிரா பேசுற மாதிரி முழிக்கிறாங்க. அவரு சைபீரியாவுல பாத்தது, ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிறத விட குளிரோடயும் பனியோடயும் சேர்ந்து போராடுற மிருகங்களத்தான்.

வௌவாலுக்கு வருவோம். ரெண்டு மூணு ராத்திரி ரத்தம் கெடைக்கலன்னா அது செத்துரும். வயிறு நெறைஞ்ச இன்னொண்ணு தான் குடிச்சதக் கக்கி அது வாய்ல ஊட்டும், முன்னாடி தனக்குக் குடுத்ததுக்குத்தான் அதிகமா ஊட்டும். வில்கின்சன்ங்குற ஆராய்ச்சியாளர் கோஸ்டா ரிகாவுல பாத்து 1984-ல எழுதுனது. பொதுவா பேசுறப்போ ஒத்துழைப்பு போதும், ஆனா இந்த மாதிரி குடுத்து வாங்குறதுக்கு 'பரஸ்பர பிறர்நலம்'னு எல்லாம் எதுக்குச் சுத்தணும், நம்மகிட்ட கைமாத்து இருக்கே! வட்டி இல்ல, பத்திரம் இல்ல, இன்னைக்கு எனக்கு நாளைக்கு உனக்கு.

அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன், கைமாத்துன்னு. தட்டக் கழுவிக்கிட்டே, "அப்ப வாங்கிட்டு திருப்பித் தராத வௌவால என்ன பண்ணுவாங்க?"ன்னாங்க. ட்ரிவர்ஸ் கட்டுரைல பாதி அதப் பத்திதான்.