ஓரியன் நெபுலாவைப் படம் பிடிப்பதில் நடுப்பகுதிதான் தொல்லை

வேட்டைக்காரன் வடிவில் தெரியும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே பாருங்கள். வாள் போலத் தொங்கும் வரிசையின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் லேசாகப் புகைந்து தெரியும். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம், அதாவது நெபுலா அது; எம்42 என்றும் சொல்வார்கள். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் தொலைநோக்கி வைத்து 51 நிமிடம் ஒளியைச் சேர்த்து இதைப் படம் பிடித்தார். ஒரு நெபுலா படத்தில் விழுந்தது அதுவே முதல் முறை.

இன்று ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, 200 மி.மீ. லென்ஸ், முக்காலி இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் பூமி சுற்றுகிறதே! ஓரியன், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அதன் ஓட்டமும் அதிகம். இந்த லென்ஸில் ஒரே வினாடியில் நட்சத்திரம் மூன்று, நான்கு பிக்சல் நகர்ந்துவிடும். அதனால் ஒரு வினாடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவோம். நூறு படங்களை அடுக்கினால் நெபுலாவின் ஒளி நூறு மடங்கு சேரும்; படத்தில் தாறுமாறாக விழும் புள்ளிகளான இரைச்சலோ பத்து மடங்குதான் கூடும். லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்), அதே ஒரு வினாடிக்குச் டார்க் ஃப்ரேம் எனப்படும் இருட்டுப் படங்கள் சிலவும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க அவை வேண்டும். வெளியே போகும்போது லென்ஸ் துடைக்கத் துணியும் எடுத்துப் போங்கள். பனி இறங்கியது தெரியாமல் முந்நூறு படங்களைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

அடுக்கிய படத்தைத் திறந்தால் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். பதற வேண்டாம், ஒளி அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டும் கோடான கர்வை மெல்ல இழுத்தால் நெபுலாவின் சிறகுகள் விரியும். இழுக்க இழுக்க, நடுப்பகுதி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும். மேகத்தை ஒளிரவைக்கும் டிரப்பீசியம் என்ற நெருக்கமான நட்சத்திரக் கூட்டத்தின் நட்சத்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஓரங்களைவிட அந்த இடம் அவ்வளவு பிரகாசம்.

ஒரு வினாடிப் படங்களில் நடுப்பகுதியின் தகவல் பெரும்பாலும் அழிந்திருக்காது. வெளுக்கவைத்தது நாம் இழுத்த இழுப்புதான். அதே அடுக்கை லேசாக மட்டும் இழுத்து இரண்டாவது பிரதி ஒன்று செய்து, நடுப்பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டு மறைத்து, நடுவில் பொருத்தினால் போதும். வானத்தின் ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் வைத்து இரண்டு நிமிடப் படங்கள் எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சென்சாரே அங்கே நிரம்பி வழிந்திருக்கும். நடுப்பகுதிக்கென்று ஐந்து வினாடிப் படங்களைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

நிறத்தில்தான் பலர் கோலப்பொடியைக் கொட்டுகிறார்கள். 656 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜனின் சிவப்பு உண்மையானதே. சாதாரணக் கேமராவின் உள் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் படம் இளஞ்சிவப்பாக வரும். அதை ரத்தச் சிவப்பாக்கினால் நடுவில் ஆக்சிஜன் தரும் பச்சை கலந்த நீலம் செத்துவிடும். தொலைநோக்கியில் கண் வைத்தால் முதலில் தட்டுப்படுவது அந்தப் பச்சைச் சாயல்தான்.