சருகுபோல் இறங்கும் பந்து: ஜூனின்ஹோவின் ஃப்ரீ கிக்கும் காற்றின் விளையாட்டும்

2003 நவம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் பயர்ன் மியூனிக் அணியும் பிரான்ஸின் லியோன் அணியும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமொன்றில் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே லியோனுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. தொலைவோ அதிகம், கோலில் நின்றவரோ அந்நாளில் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவரான ஆலிவர் கான். லியோனின் பிரேசில் நாட்டு நடுகள வீரர் ஜூனின்ஹோ உதைத்த பந்து, எதிரணி வீரர்கள் வரிசையாக நின்று அமைத்த சுவரைத் தாண்டிச் சென்று வலைக்குள் இறங்கியது. அதைத் துரத்திப் பாய்ந்த கான் கோல் தூணில் மோதி விழுந்தார். பந்தை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார், கணித்தார், கணித்த இடத்துக்கே பாய்ந்தார். ஆனால் பந்து அந்தக் கணிப்பின்படி வரவில்லை.

அந்தோனியோ அகுஸ்தோ ரிபெய்ரோ ரெய்ஸ் ஜூனியர் என்ற முழுப்பெயர் கொண்ட ஜூனின்ஹோ, 1975இல் பிரேசிலின் வடகிழக்கில் பெர்னாம்புகோ மாநிலத்தின் ரெசிஃபே நகரில் பிறந்தவர். அதே காலத்தில் ஆடிய இன்னொரு ஜூனின்ஹோவிடமிருந்து வேறுபடுத்துவதற்காக 'பெர்னாம்புகானோ' என்று ஊர்ப்பெயரும் அவருடன் ஒட்டிக்கொண்டது. உள்ளூர் ஸ்போர்ட் ரெசிஃபேயில் தொடங்கி, 1995இல் ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா அணிக்குச் சென்று, 1998இல் தென் அமெரிக்க அணிகளுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பையையும் வென்றார். 2001இல் அவர் லியோனுக்கு வந்தபோது அந்த அணி ஒருமுறைகூட பிரெஞ்சு லீக் பட்டம் வென்றதில்லை. 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு பட்டங்களை வென்றது. 2009இல் அவர் விடைபெற்றபோது லியோனுக்காக அடித்திருந்த கோல்கள் சரியாக 100. அவற்றுள் 44 நேரடி ஃப்ரீ கிக்குகள். ஒரு நடுகள வீரரின் கோல்களில் ஏறத்தாழ பாதி நின்ற பந்திலிருந்து பிறந்தவை என்பது தற்செயலாக நேர்வதில்லை.

ஃப்ரீ கிக்கில் பந்து வளைவது பலருக்கும் தெரிந்த செய்தி. பந்தின் ஓரத்தில் உதைத்தால் அது சுழல்கிறது. சுழலும் பந்து காற்றை ஒருபுறம் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபுறம் தள்ளுகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். வளைவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது ஒழுங்கானது. பாதையின் முதல் பாதியைக் கண்ட கண், மறுபாதியைப் பழக்கத்தால் ஊகித்துவிடும். ஜூனின்ஹோ செய்தது இதற்கு நேர் எதிரானது. அவர் பந்துக்குச் சுழற்சியைக் கொடுக்கவில்லை. இருக்கக்கூடிய சுழற்சியையும் எடுத்துவிட்டார். பேஸ்பால் ஆட்டத்தின் சொல்லைக் கடன் வாங்கி இதை 'நக்கிள்பால்' என்கிறார்கள். பிரேசிலில் இதன் மூதாதைக்கு இன்னும் அழகான பெயர் உண்டு. 1950களில் நடுகள வீரர் டிடி உதைத்த பந்துகள் திடீரென்று தொய்ந்து விழுவதைக் கண்டவர்கள் அதை 'ஃபோல்யா செக்கா', அதாவது காய்ந்த இலை, என்றார்கள். நம் சொல்லில் சருகு. 1957இல் மரக்கானா அரங்கில் பெரு அணிக்கு எதிராக அவர் அடித்த அத்தகைய ஃப்ரீ கிக்தான் பிரேசிலை 1958 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றது.

சுழற்சியில்லாமல் உதைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். கால்பந்தின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். காலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் உதையின் விசை பந்தின் மையத்தினூடாகச் சென்றால் பந்து சுழலாது. விலகிச் சென்றால் சுழலும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் பந்தில் விசை மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் விலகினாலே பந்து வினாடிக்கு ஐந்தாறு முறை சுழன்றுவிடும். கோலைச் சேரும்வரை ஒரு சுற்றுக்குள் அடங்க வேண்டுமென்றால், விலகல் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஓடிவந்து, ஒரு காலை ஊன்றி, மறுகாலை முழு விசையுடன் வீசும் ஒருவர், தரையில் கிடக்கும் பந்தின்மீது இந்தத் துல்லியத்தைக் காட்ட வேண்டும்.

இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ இந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஜூனின்ஹோவின் காட்சிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பயிற்சியில் நாள்கணக்கில் தோற்று, கடைசியில் கழிவறையில் அமர்ந்திருந்தபோதுதான் விடை பளிச்சிட்டது என்று எழுதியிருக்கிறார். பாதம் முழுவதும் அல்ல, முதல் மூன்று விரல்களின் பகுதி மட்டுமே பந்தின் அடியில் படவேண்டும். பாதம் நேராக இருக்கவேண்டும் என்பதே அவர் கண்டது. ஆர்க்கிமிடீஸுக்குக் குளியல் தொட்டி வாய்த்தது. தொடும் பரப்பு சிறிதாகவும் கடினமாகவும் இருந்தால் விசையின் திசையைக் கட்டுப்படுத்துவது எளிது. பாதம் பந்தை உரசியபடி மேலேறினால் சுழற்சி ஒட்டிக்கொள்ளும்.

சுழலாத பந்துக்குக் காற்றில் நேர்வதுதான் இக்கதையின் மையம். பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி, மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று வழுக்கிச் செல்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது இப்படலம் சீராக ஓடி, பந்தின் நடுப்பகுதிக்கு அருகிலேயே மேற்பரப்பை விட்டு விலகிவிடுகிறது. அதனால் பந்தின் பின்னால் அகலமான கலங்கல் உருவாகி, பந்தை வலுவாகப் பின்னிழுக்கிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் படலமே கொந்தளிப்பாகிறது. கொந்தளித்தால் இழுவை கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது வேறு: கொந்தளிக்கும் படலம் மேற்பரப்பை நெடுநேரம் பற்றிக்கொண்டு பின்புறம் வரை சென்று விலகுவதால், பின்கலங்கல் ஒடுங்கி, இழுவையின் அளவைக் குறிக்கும் எண்ணான இழுவைக் கெழு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கோல்ஃப் பந்தில் குழிகள் இருப்பதும் இதற்காகத்தான்.

வம்பு அந்த எல்லை வேகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே பந்தின் ஒருபக்கப் படலம் ஒரு தையலில் இடறிக் கொந்தளித்துவிட, மறுபக்கம் இன்னும் சீராகவே ஓடிக்கொண்டிருக்கும். இரு பக்கங்களிலும் படலம் வெவ்வேறு இடங்களில் விலகுவதால் பின்கலங்கல் ஒருபுறம் சாய்கிறது. பந்து எதிர்ப்புறம் தள்ளப்படுகிறது. பந்து மெதுவாகத் திரும்பி, தையல்கள் இடம் மாறியதும் தள்ளும் திசையும் மாறுகிறது. வேகமாகச் சுழலும் பந்தில் தையல்களின் விளைவு சராசரியாகி மறைந்துவிடும். சுழலாத பந்தில் அவை ஒவ்வொன்றும் தன் வேலையைக் காட்ட நேரம் கிடைக்கிறது.

தையல் மட்டுமே காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே வேறு கருத்தும் உண்டு. பாரிஸ் அருகேயுள்ள எகோல் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த குழுவினர், சுழற்சியின்றிப் பந்தை உதைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். முற்றிலும் வழவழப்பான கோளத்திலும் படலம் விலகும் இடம் ஓயாமல் அலைபாய்வதால் பக்கவாட்டு விசை பிறக்கிறது. தையல் இன்றியமையாதது அல்ல என்பது அவர்கள் வாதம். நெளிவு கண்ணுக்குத் தெரிய, பந்து போதிய தொலைவு பறக்கவும் வேண்டும். மிக அருகிலிருந்து உதைத்த பந்து நெளியத் தொடங்குவதற்குள் வலையைச் சேர்ந்துவிடும். வாலிபாலில் சுழற்சியின்றி மிதந்துவரும் சர்வீஸும், 2011 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் ஜாகீர் கான் வீசிய மெதுவான பந்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த விசை பெரியதன்று. நூறு கிராம் எடையின் அளவே பக்கவாட்டில் 0.3 வினாடி தள்ளியதாக வைத்துக்கொண்டாலும், அடுத்த 0.3 வினாடியில் பந்து பழைய பாதையிலிருந்து 30 சென்டிமீட்டர் விலகியிருக்கும். அது ஒரு பந்தின் அகலத்தைவிட அதிகம். 30 மீட்டரிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் புறப்படும் பந்து கோலை அடைய ஒன்றேகால் வினாடி ஆகும். 7.32 மீட்டர் அகலக் கோலின் மூலையைத் தொட, கோல்கீப்பர் அந்த நேரத்தின் பாதியிலேயே பாயத் தொடங்கியாக வேண்டும். பாய்ந்தபின் காற்றில் திசை மாற்ற அவருக்கு வழியில்லை, பந்துக்கு உண்டு. இறக்கமும் ஏமாற்றும். வழக்கமாக உயர்த்தி உதைக்கும் பந்தில் பின்சுழற்சி இருந்து அதைச் சற்று ஏந்திப் பிடிக்கும். அந்த மிதப்புக்குப் பழகிய கண்ணுக்கு, சுழலாத பந்து திடீரென்று கனத்துவிட்டதுபோல் தோன்றும்.

பந்தின் வடிவமும் இதில் பங்கேற்றது. 2002 உலகக் கோப்பை வரை 32 துண்டுகளாக இருந்த பந்து, 2006இல் 14 ஆகவும், 2010இல் ஜபுலானி என்ற உலகக் கோப்பைப் பந்தில் 8 ஆகவும் குறைந்தது. தையல் குறைந்து வழவழப்பு கூடியதால் எல்லை வேகம் ஏறியது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பார்த்தபோது ஜபுலானி மணிக்கு 72 முதல் 80 கிலோமீட்டரில் தள்ளாடியது. ஃப்ரீ கிக்குகள் பறக்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே; கோல்கீப்பர்கள் அந்தப் பந்தைத் திட்டித்தீர்த்ததில் நியாயம் இருந்தது. 2014 உலகக் கோப்பைப் பந்தான பிரசூகாவில் துண்டுகள் ஆறுதான் என்றாலும், தையலின் மொத்த நீளம் 2 மீட்டரிலிருந்து சுமார் 3.3 மீட்டராகக் கூடியதால் எல்லை வேகம் மீண்டும் இறங்கியது.

புதிய பந்துகளால்தான் ஜூனின்ஹோ வென்றார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. கானை அவர் ஏமாற்றியது 14 துண்டுப் பந்து வருவதற்கு முன்பே, 2003இல். 2006 ஜூன் 22 அன்று டார்ட்முண்டில் ஜப்பானுக்கு எதிராக, ஓடும் ஆட்டத்திலேயே வெகு தொலைவிலிருந்து உதைத்து, கோல்கீப்பர் கவாகுச்சியை அதே குழப்பத்தில் ஆழ்த்தியது 14 துண்டுப் பந்தில். பந்து எந்தப் பக்கம் நெளியும் என்பது உதைத்த அவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாது. கோலுக்குள் விழும் பகுதியை அவர் தேர்ந்தெடுத்தார். கடைசிச் சில மீட்டர்களைக் காற்றிடம் விட்டார்.

நடுகள வீரரின் ஓட்டம் முப்பது வயதைக் கடந்ததும் தேயத் தொடங்குகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் துல்லியம் அப்படித் தேய்வதில்லை. கத்தாரின் அல் கராஃபாவில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு, 2011இல் 36 வயதில் வாஸ்கோவுக்குத் திரும்பினார் ஜூனின்ஹோ. கொரிந்தியன்ஸுக்கு எதிரான அவரது முதல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஃப்ரீ கிக் ஒன்று கிடைத்தது. ஓடிவந்து உதைத்தார், பந்து வலைக்குள் விழுந்தது. ஆட்டத்தில் என்னவோ வாஸ்கோ தோற்றது.